மாரிக்குப் பின் பைபர் படகின் பின்பலகை அசைகிறது: மேலே மட் போட்டால் போதுமா?

வாகரைக் கரையோரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் பயன்படுத்திய 18 அடி பைபர் படகில் இப்போது நான் தொழில் செய்து வருகிறேன். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்கு அடுத்த ஆண்டு கிடைத்த படகு அது. வெளியே பார்த்தால் பெரிய குறை எதுவும் தெரியாது. ஆனால் மாரி முடிந்து கடலில் இறக்கியதிலிருந்து, 25 குதிரைவலு எஞ்சினை முடுக்கும்போதெல்லாம், அது பூட்டப்பட்டிருக்கும் பின்பலகை இலேசாக அசைகிறது. எஞ்சின் பூட்டும் போல்ட் துளை ஒன்றிலிருந்து தேயிலைச் சாயம் போல மண்ணிற நீரும் கசிகிறது. உப்புத் தண்ணீர் மரத்தைத் தின்றுவிட்டது என்றும், மேலே இரண்டு மட் (கண்ணாடியிழை விரிப்பு) வைத்து ரெசின் பூசினால் சரியாகிவிடும் என்றும் வாடியில் சொல்கிறார்கள். இந்தப் படகை நம்பித்தான் எங்கள் வீடு நடக்கிறது. ஆகவே அனுபவமுள்ளவர்கள் சரியான வழியைச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சாய்ந்தமருதுப் பட்டறை எழுதியது:

தம்பி, மட் போடும் எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். பைபர் உக்காது, அதன் இரண்டு தோல்களுக்கும் நடுவே இருக்கும் ஒட்டுப்பலகைதான் உக்குகிறது. ஈரமான பலகையின் மேல் ரெசின் பிடிக்காது என்பது ஒருபுறமிருக்க, புதிய மட் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும் வழியையும் அடைத்துவிடும். அவ்வாறு பூசிப் பளபளப்பாக வந்த படகுகளை நான் வெட்டித் திறந்திருக்கிறேன். உள்ளே இருந்த பலகையைக் கையால் பிழிய முடிந்தது.

உப்புத் தண்ணீரைப் பற்றிச் சொல்வதும் பிழையானது. மரத்தை உக்கவைப்பது ஒருவகைப் பூஞ்சணம். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அது வளராது. ஏறத்தாழ 30 சதவீதத்தைத் தொட்டுவிட்டால், நமது வெப்பநிலையும் சிறிதளவு காற்றும் அதற்குப் போதும். உப்பு அந்தப் பூஞ்சணத்தை ஓரளவு தடுக்கவே செய்கிறது. கரையில் ஏற்றிவைத்த படகில் நவம்பர் முதல் ஜனவரி வரை தேங்கி நிற்கும் மழைத் தண்ணீர்தான், துளைகள் வழியே இறங்கி உண்மையான சேதத்தைச் செய்கிறது.

எவ்வளவு தூரம் உக்கியிருக்கிறது என்பதை அறிய, ஒரு சிறிய பிளாஸ்டிக் சுத்தியலால் பின்பலகை முழுவதையும் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். கெட்ட இடம் பொத்தென்று அடங்கும். பிறகு உட்புறத்திலிருந்து, வெளித்தோலைத் தொடாமல், சில இடங்களில் 6 மில்லிமீற்றர் துளையிட்டு, வரும் தூளைக் கவனியுங்கள். வெளிர் நிறத்தில் உலர்ந்து வந்தால் பலகை நல்லது; கறுத்து, பிசுபிசுப்பாக, புளித்த மணத்துடன் வந்தால் கெட்டுவிட்டது. பார்த்து முடித்ததும் துளைகளைத் திறந்தபடி விட்டுவிடாதீர்கள்.

பாசிக்குடாப் படகுக்காரர் எழுதியது:

சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் இரண்டு படகுகளை நான் பராமரிக்கிறேன். சாய்ந்தமருது நானா சொன்ன மழைத் தண்ணீர் விடயத்தில் என் அனுபவத்தையும் சேர்க்க விரும்புகிறேன். முன்பு மாரிக்கு முன் தறப்பாளை இறுக்கிக் கட்டிவிட்டுப் போய்விடுவேன். திறக்கும்போது உட்புறமெல்லாம் வியர்த்துப் பூஞ்சணம் பிடித்திருக்கும். இப்போது படகின் முன்பகுதியைத் தென்னங் குற்றிகளால் உயர்த்தி, அடியில் உள்ள தண்ணீர் அடைப்பானைக் கழற்றிவிட்டு, மேலே கிடுகுக் கொட்டகை போடுகிறேன். மழை உள்ளே வராது, காற்று குறுக்கே ஓடும். அடைப்பான் துளையை மணலும் சருகும் மூடிவிடுவதால், பெருமழைக்குப் பின்னர் ஒருமுறை போய்ப் பார்ப்பது அவசியம். அந்தத் துளையின் விளிம்பிலும் பலகை வெளியே தெரிந்துகொண்டிருக்கும். பெரும்பாலானோர் கவனிக்காத இடம் அது.

வாகரைக் கரையோரம் எழுதியது:

இருவருக்கும் மிகுந்த நன்றி. நானா சொன்னபடி ஐந்து இடங்களில் துளையிட்டேன். மேலே இரண்டும் உலர்ந்த தூள். போல்ட் துளைகளுக்குக் கீழே மூன்றும் கறுப்பு. கீழ்ப்பகுதியை மட்டும் மாற்றினால் போதுமா? தளத்துக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் நீள்சட்டங்களையும் திறக்க வேண்டுமா?

சாய்ந்தமருதுப் பட்டறை எழுதியது:

பாதியை மாற்றினால் இணைப்பு வரும் இடத்திலேயே எஞ்சினின் உதைப்பு விழும். எனவே முழுப் பலகையையும் மாற்றுங்கள். வெளித்தோலை அப்படியே வைத்து, உட்தோலை வெட்டி எடுத்து, உக்கியதை ஒரு துணுக்கும் மிஞ்சாமல் சுரண்டிவிட்டு, கச்சான் காற்றில் நன்றாகக் காயவிடுங்கள். மழை நாளில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. புதிய பலகை, கொதிநீரைத் தாங்கும் பசையால் ஒட்டப்பட்ட மரைன் ஒட்டுப்பலகையாக இருக்க வேண்டும். அதன் நான்கு விளிம்புகளுக்கும் ரெசினை இரண்டு மூன்று முறை ஊறவிடுங்கள், ஏனெனில் மரம் தண்ணீரை உறிஞ்சுவது பெரும்பாலும் விளிம்பு வழியாகத்தான்.

கைக்குக் காசு இருந்தால் எபொக்சி ரெசின் வாங்குங்கள்; சாதாரண பொலியெஸ்டர் ரெசினைவிட அது மரத்தை இறுகப் பிடிக்கும். ஆனால் எபொக்சி காய்ந்த இடத்தின் மேல் பொலியெஸ்டர் சரியாக ஒட்டாது. ஆகவே தொடங்கியதிலேயே முடியுங்கள். பொலியெஸ்டர் பாவிப்பதாயின், ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னரையும் அதை விரைவுபடுத்தும் கோபால்ற் திரவத்தையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்க வேண்டாம், அது வெடிக்கும். கோபால்ற்றை முதலில் ரெசினில் கலக்கி முடித்த பின்னரே ஹார்ட்னரைச் சேர்க்க வேண்டும்.

போல்ட் துளைகள்தான் உங்கள் படகைக் கெடுத்தன, ஆகவே அதில் அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு துளையையும் தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, தடிப்பாகக் கலந்த எபொக்சியால் முழுவதும் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவே சரியான அளவில் மீண்டும் துளையிடுங்கள். அப்போது போல்ட்டைச் சுற்றி மரமே தெரியாது. தண்ணீர் புகாமல் போல்ட்டைச் சுற்றிப் பூசும் சீலன்ற் கிழிந்தாலும் பலகை நனையாது. தண்ணீர் அடைப்பான் துளைக்கும் இதே முறைதான்.

நீள்சட்டங்களை இப்போதே வெட்ட வேண்டாம். பின்பலகையைத் திறந்ததும் அவற்றின் பின்முனைகள் தெரியும். அங்கே தட்டியும் துளையிட்டும் பாருங்கள். ஈரம் பெரும்பாலும் அந்த முனையிலிருந்துதான் முன்னோக்கி ஏறும். தளத்துக்கு அடியில் நுரை நிரப்பியிருந்தால் அதிலும் ஒரு துண்டை எடுத்துப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் வந்தால், சட்டம் நன்றாக இருந்தாலும் அந்த நுரையை அகற்றியே ஆக வேண்டும். அதுவரைக்கும் இந்தப் பலகையில் எஞ்சினைப் பூட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகாதீர்கள், தம்பி.