பொருள்: 'கோடெக் இல்லை' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? வெள்ளிக்குள் வேண்டும்

திருச்சி, மொழிபெயர்ப்பாளர்

குழுவினருக்கு வணக்கம். கட்டற்ற வீடியோ இயக்கி (பிளேயர்) ஒன்றின் தமிழாக்கம் கையில் இருக்கிறது. வெள்ளி இரவோடு மொழிபெயர்ப்பு ஏற்றும் கதவை மூடிவிடுவார்கள். இயக்கு, நிறுத்து, ஒலியளவு, வசனவரி எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு பிழைச்செய்தியில் மட்டும் மாட்டிக்கொண்டிருக்கிறேன்: "இந்தக் கோப்பை இயக்குவதற்கான கோடெக் இல்லை." வீட்டில் படம் பார்க்க உட்கார்ந்தவர் எரிச்சலோடு படிக்கப்போவது இந்த வரியைத்தான். எனக்கு முன் செய்தவர்களில் ஒருவர் 'குறிமுறைமாற்றி' என்றும் இன்னொருவர் 'குறிவிலக்கி' என்றும் போட்டிருக்கிறார்கள். இரண்டும் படிப்பவருக்கு எதுவும் சொல்லவில்லை. நல்ல சொல் தாருங்கள்.

மதுரை, தமிழாசிரியர்

சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கோடெக் என்பது கோடர், டிகோடர் இரண்டையும் வெட்டி ஒட்டியது. ஒரு முனையில் படத்தையும் ஒலியையும் சுருக்குகிறது, மறுமுனையில் விரிக்கிறது. தொல்காப்பிய மரபியல், முதல்நூலைப் பின்பற்றி எழுதும் வழிநூலின் வகைகளைச் சொல்லும்போது "தொகுத்தல் விரித்தல் தொகைவிரி மொழிபெயர்த்து" என்கிறது. தொகுப்பதும் விரிப்பதும் ஒன்றிலேயே நடந்தால் தொகைவிரி. வேறென்ன வேண்டும்? மொழிபெயர்ப்பும் அதே அடியில் பக்கத்திலேயே நிற்கிறது பாருங்கள். "தேவையான தொகைவிரி இல்லை" என்று தயங்காமல் எழுதுங்கள்.

ஈரோடு, கணினிக் கடை

ஐயா, சொல் அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் கடைக்கு வருகிறவர் 'தொகை' என்றால் பணம் என்றுதான் படிப்பார். "தொகைவிரி இல்லை" என்று வந்தால் ஏதோ கட்டணம் பாக்கி என்று நினைத்துக்கொள்வார். எச்.265 என்ற முறையில் சுருக்கிய படங்களை ஓட்டுவதற்கான நீட்சியை இயங்குதளத்திலேயே காசுக்கு விற்கும் காலத்தில் இந்தக் குழப்பம் சின்ன விஷயம் இல்லை.

சமீபத்தில் ஒரு பெரியவர் பென்டிரைவ் கொண்டுவந்தார். அவருடைய மணிவிழா வீடியோ. ஸ்டுடியோவில் போட்டுக் காட்டியபோது நன்றாக ஓடியிருக்கிறது. வீட்டுக் கணினியில் போட்டால் நாதசுரம் கேட்கிறது, திரை முழுக்கக் கறுப்பு. கோடெக் இல்லை என்று செய்தி வந்ததும் மருமகன் இணையத்தில் தேடி, முதலில் வந்ததை இறக்கி நிறுவிவிட்டார். அப்புறம் உலாவியைத் திறந்தாலே விளம்பரம். படம் கடைசிவரை வரவே இல்லை. இது பழைய வித்தை. 2005 கடைசியில் தலைகாட்டிய ஸ்லாப் என்ற டிரோஜன் (நல்ல நிரல் போல நடிக்கும் தீய நிரல்), வீடியோ கோடெக் என்று சொல்லிக்கொண்டுதான் கணினிகளுக்குள் புகுந்தது.

'ஒன்று குறைகிறது' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்து என்ன செய்வது என்று சொல்லாத செய்திதான் ஆட்களை அங்கே கொண்டுபோய் விடுகிறது. சொல் எதுவானாலும் சரி, அதைப் படித்தவர் ஏமாறக்கூடாது. எனக்குக் கவலை அதுதான்.

சென்னை, நிரலர்

ஈரோட்டு அண்ணன் சொல்வது அப்படியே நடப்பதுதான். கோப்பின் பெயரில் கடைசியில் வரும் ஏவிஐ, எம்கேவி எல்லாம் வெறும் பெட்டி. உள்ளே படம் ஒரு முறையிலும் ஒலி வேறொரு முறையிலும் சுருக்கப்பட்டிருக்கும். ஒலியை விரிக்கத் தெரிந்து, படத்தை விரிக்கத் தெரியாத இயக்கியில் நாதசுரம் மட்டும் வரும். 'நேற்று இன்னொரு எம்கேவி ஓடியதே' என்று ஆட்கள் கோபப்படுவதும் இதனால்தான்.

சுருக்காமல் வைத்துக்கொள்ளவும் வழியில்லை. 1920-க்கு 1080 புள்ளி, புள்ளிக்கு 3 பைட், நொடிக்கு 25 சட்டகம் (அடுத்தடுத்து ஓடும் தனிப்படம்) என்று போட்டால் நொடிக்கு 155 மெகாபைட். இரண்டு மணி நேரப் படம் ஒரு டெராபைட்டைத் தாண்டிவிடும்.

மதுரை ஐயாவின் 'தொகை' எனக்கு வேறொரு காரணத்தால் பிடித்திருக்கிறது. எச்.264 என்ற சுருக்கமுறையில் பெரும்பாலான சட்டகங்கள் முழுப் படமாக இருப்பதில்லை. சில சட்டகங்கள் முன்னால் வந்ததையும் பின்னால் வரப்போவதையும் பார்த்துத்தான் முழுமையாகும். வினைத்தொகையும் அதைத்தானே செய்கிறது? 'ஊறுகாய்' என்றால் ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என்று முக்காலமும் உள்ளே மறைந்திருக்கிறது. நடுவில் ஒரு சட்டகம் கெட்டுப்போனால் அடுத்த முழுச் சட்டகம் வரும்வரை முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைவதும் இதனால்தான். ஒன்றை நம்பி ஒன்று இருக்கிறது.

மதுரை, தமிழாசிரியர்

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள் அம்மா. இன்னும் ஒரு படி போகலாம். சுருக்கும்போது சில நுண்விவரங்களை ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறார்கள், அவை திரும்ப வருவதில்லை, பார்ப்பவர் கண்தான் நிரப்பிக்கொள்கிறது என்று படித்திருக்கிறேன். அது அன்மொழித்தொகை. 'பொற்றொடி வந்தாள்' என்றால் 'பெண்' என்ற சொல் தொடரில் எங்குமே இல்லை. கேட்பவர் மனத்தில் இருக்கிறாள். இழப்பற்ற சுருக்கம் வேற்றுமைத்தொகை: மறைந்த உருபை அப்படியே மீட்கலாம். இத்தனை வகையும் ஒரே குடையின் கீழ் வரும்போது கோடெக்கைக் கட்டிக்கொண்டு ஏன் அழவேண்டும்? வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. உகரம் சேர்த்து 'கோடெக்கு' என்றாக்கி, நான்காம் வேற்றுமை போட்டுப் பாருங்கள்: 'கோடெக்குக்கு'. இது சொல்லா?

யாழ்ப்பாணம், கணினி ஆசிரியை

ஐயா, 'கணக்குக்கு', 'விளக்குக்கு' என்று நாளும் சொல்லுகிறோம். அதை ஒரு குறையாக எடுக்க ஏலாது. எங்கட பக்கத்தில் 'கணனி' என்று எழுதுகிற வழக்கமும் உண்டு. பிள்ளைகள் ஏற்கெனவே இரண்டு எழுத்துக்கூட்டலுக்கு நடுவில் நிற்கினம். மூன்றாவதாக ஒரு இலக்கணச் சொல்லைக் கொடுத்தால் அதுக்கு முதலில் பாடம் எடுக்க வேணும். என்னுடைய யோசனை: வீட்டில் பார்க்கிறவருக்குச் சுருக்குகிற வேலையே இல்லை, அது ஸ்டுடியோக்காரரின் வேலை. விரிக்கிற பாதிக்கு மட்டும் பேர் வைப்போம். 'விரிப்பி.'

இன்னொன்று. படம் விட்டுவிட்டு ஓடுவதற்குப் பழைய மொழிபெயர்ப்பில் 'திக்கல்' என்று கிடக்கிறது. பேசும்போது திக்குகிற பிள்ளை என் வகுப்பில் இருக்கிறான். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கோ.

ஈரோடு, கணினிக் கடை

திக்கல் வேண்டாம், சரி. ஆனால் விரிப்பி என்றால் கட்டில் விரிப்பு நினைவுக்கு வருகிறதே.

மதுரை, தமிழாசிரியர்

திக்கலுக்குப் பதில் 'துள்ளல்' போடலாம். கலிப்பாவின் ஓசை அது, விட்டுவிட்டுத்தான் வரும். இழுத்து இழுத்து ஓடுவதற்கு வஞ்சிப்பாவின் 'தூங்கல்' பொருந்தும். இரண்டையும் வேறுபடுத்திச் சொல்ல முடிந்தால் பயனருக்கும் நல்லதுதானே?

சென்னை, நிரலர்

வேறுபடுத்துவது நல்லதுதான் ஐயா. ஆனால் நிரல் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பெரும்பாலான இயக்கிகள் ஒலியைக் கடிகாரமாக வைத்து ஓடுகின்றன. பழைய கணினியால் எச்.265-ஐ வேகமாக விரிக்க முடியாதபோது, படம் ஒலிக்குப் பின்னால் போய்விடும். அதை எட்டிப்பிடிக்கச் சில சட்டகங்களைக் காட்டாமலே தள்ளிவிடும். நடப்பது அவ்வளவுதான். 'சட்டகங்கள் விடுபட்டன' என்றே எழுதலாம்.

கோடெக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 1996-இல் பாரிஸில் மாணவர் திட்டமாகத் தொடங்கிய விஎல்சி என்ற வீடியோ இயக்கி, 2001-இல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. விரிக்கும் நிரல்களைத் தன்னோடே கொண்டுவந்ததால் அதை வைத்திருப்பவர்கள் தனியாகக் கோடெக் தேடி அலைவது குறைந்தது. சொல்லைப் பயனரின் கண்ணில் படாமலே வைத்திருப்பதுதான் உண்மையான தீர்வு. அதுவரை, அவர் தேடப்போகும் சொல்லும் செய்தியில் இருக்கும் சொல்லும் ஒன்றாக இருப்பது நல்லது என்பது என் பக்கம். எனவே கோடெக்.

திருச்சி, மொழிபெயர்ப்பாளர்

எல்லோருக்கும் நன்றி. விடிந்தால் வெள்ளி. தனிமடலில் வந்ததையும் சேர்த்தால் பெரும்பாலோர் கோடெக் பக்கம். இப்படி ஏற்றிவிட்டேன்: "இந்தப் படத்தை விரித்துக் காட்டத் தேவையான கோடெக் இந்த இயக்கியில் இல்லை." திக்கல் போய் 'சட்டகங்கள் விடுபட்டன' வந்துவிட்டது. அறிமுகமில்லாத தளங்களிலிருந்து எதையும் நிறுவாதீர்கள், இயக்கியைப் புதுப்பித்துப் பாருங்கள் என்ற ஈரோட்டு அண்ணனின் வரியை நான் சேர்க்க முடியாது, மூலத்தில் அது இல்லை. மூலத்திலேயே சேர்க்கச் சொல்லி, இயக்கியை உருவாக்குபவர்களிடம் வழு (குறை அறிக்கை) பதிந்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

ஈரோடு, கணினிக் கடை

வழு எண்ணை அனுப்புங்கள். நானும் போய் எழுதுகிறேன். கடையில் பார்த்ததைச் சொன்னால் கேட்பார்கள்.

மதுரை, தமிழாசிரியர்

என் மாற்றுக்கருத்து பதிவாகட்டும். நாலு பேர் வாயில் புழங்காமல் எந்தச் சொல்லும் எளிதாவதில்லை. 'மென்பொருள்' என்ற சொல்லையும் முதல்நாளில் எவரும் புரிந்துகொண்டு படிக்கவில்லை. உதவிப் பக்கத்தில் இடம் தாராளமாக இருக்கிறது. 'கோடெக் எனப்படும் தொகைவிரி' என்று அங்கே ஒரு தடவையாவது போடுங்கள். மேலே சொன்ன இலக்கண ஒப்பீட்டை ஒரு பக்கத்தில் எழுதித் தருகிறேன். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி கேட்பேன்.