டிரையரின் எரிபொருளைக் கணிக்க எந்த மாடல்: தரவா, வெப்பச் சமநிலையா?

தரவுவழி:
ஆலையில் சூடான காற்றால் சரக்கைக் காயவைக்கும் டிரையரின் ஓராண்டுத் தரவை மணிக்கு மணி எடுத்து, தரவிலிருந்து தானே கற்கும் கணினி மாடலான நியூரல் நெட்வொர்க்கில் கொடுத்தேன். எரிபொருள் கணிப்பு மீட்டரோடு அச்சாகப் பொருந்துகிறது. இனியும் உள்ளே போகும் வெப்பத்தையும் வெளியே வருவதையும் நேர்செய்து பார்க்கும் வெப்பச் சமநிலைக் கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டுமா?

உலைக்களம்:
பொருந்துவது வேறு, காரணம் சொல்வது வேறு சார். எங்கள் ஆலையில் இப்படி ஒரு மாடல், காற்றின் வெப்பநிலையைக் குறைத்தால் எரிபொருள் மிச்சம் என்றது. குறைத்தோம். சரக்கு ஈரமாகவே வெளியே வந்தது. மறுபடி உள்ளே அனுப்ப வேண்டியதாயிற்று. விசாரித்தால், சரக்கில் ஈரம் கூடும்போதெல்லாம் ஆபரேட்டர் வெப்பநிலையை ஏற்றி வந்திருக்கிறார். ஈரத்துக்கு மீட்டர் இல்லாததால் மாடல் பழியை வெப்பநிலை மேல் போட்டுவிட்டது. 1 கிலோ நீர் 100 டிகிரியில் ஆவியாக ஏறக்குறைய 2,260 கிலோஜூல் வேண்டும். அந்தக் கணக்கை யாரும் ஏய்க்க முடியாது.

தரவுவழி:
ஈரத்தை அளக்காதது முறையின் குற்றமா? உங்கள் சமநிலைக்கும் அது வேண்டுமே. சுவர் வழி இழப்பு, காற்றுக் கசிவு என்று பாதியை நீங்களும் ஊகித்துத்தானே போடுகிறீர்கள்?

உலைக்களம்:
ஊகம்தான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே போன வெப்பமும் வெளியே வந்ததும் நேராகாதபோது, எங்கோ ஓட்டை இருப்பது எனக்குத் தெரிந்துவிடும். உங்கள் மாடல் அதைப் பூசி மெழுகிவிடும்.

நீராவி:
இன்னொன்று. வெளியேறும் காற்றின் சூட்டை உள்வரும் காற்றுக்கு ஏற்றினால் எவ்வளவு மிச்சம்? டிரையர் ஒருநாளும் அப்படி ஓடியதில்லை. தரவு எப்படிப் பதில் சொல்லும்? 1970களில் உருவான பின்ச் பகுப்பாய்வு இதற்கென்றே வந்தது. சூடாக்க வேண்டிய, ஆறவைக்க வேண்டிய காற்று, திரவ ஓட்டங்களின் வெப்பநிலைகளையும் வெப்ப அளவுகளையும் கொடுத்தால், வெளியிலிருந்து குறைந்தபட்சம் எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று சொல்லிவிடும்.

தரவுவழி:
புது அமைப்புக்கு அது சரி, ஏற்கிறேன். ஆனால் தினசரி ஓட்டத்தில் எரிபொருள் திடீரென்று ஏறினால் அன்றைக்கே பிடித்துக் கொடுப்பது என் மாடல்தான். அதை விடமாட்டேன்.

உலைக்களம்:
விட வேண்டாம். ஆவியாகும் நீருக்கான வெப்பத்தைச் சமநிலையில் கணக்கிட்டுக் கழித்துவிடுங்கள். மீதி இழப்பை மட்டும் நெட்வொர்க் கற்கட்டும். ஆனால் முதலில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் சரக்கில் கொஞ்சம் எடுத்து, காயவைத்து, முன்னும் பின்னும் எடை போடுங்கள். இரண்டு வாரம் போதும்.

தரவுவழி:
சரி, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் சேர்த்தே எடுக்கிறேன்.