வாசிப்பு வாரமும் எங்கள் வீட்டுக் குழுவும்

(கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, எங்கள் வீட்டு அரட்டைக் குழு, ஜூன் 19, மாலை)

நான்: எல்லாரும் இருக்கீங்களா? இன்று வாசிப்பு தினம். ஒரு நாவல் படித்து ரசனைக் குறிப்பு எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். மலையாள வகுப்பில் ஆஸ்வாதனக் குறிப்பு என்பார்களே, அதுதான். 25ஆம் தேதிக்குள் கொடுக்கணும். எனக்கு மாயாஜாலமோ அறிவியல் கதையோ வேண்டும்.

அம்மா: அத்தையைக் கேளு கண்ணு. அவங்க பீரோவில் துணியைவிடப் புத்தகம்தான் அதிகம்.

அத்தை: கேட்டுட்டேன் அண்ணி. பாப்பா, முதலில் ஒன்று சொல்லு. எதை நினைத்தால் உனக்கு ரொம்ப நேரம் யோசனை ஓடும்? அங்கிருந்து புத்தகம் தேடலாம். ‘கட்டாயம் படிக்க வேண்டிய பத்து’ என்று வரும் பட்டியலை நம்பி வாங்கி, நான் பாதியில் வைத்த புத்தகங்கள் நிறைய.

நான்: தண்ணீர். பாலக்காட்டில் கொட்டுகிறது என்கிறார்கள், இங்கே தூறல்கூட இல்லை. நேற்று நம் போர்வெல்லில் காற்றுதான் வந்தது.

பெரியப்பா: ஆழியாற்றுத் தண்ணீரும் இன்னும் விடவில்லை. தென்னை மட்டை தொங்கிவிட்டது.

அத்தை: அப்படியென்றால் ‘சுல்தானாவின் கனவு’ படி. எழுதியவர் வங்காளத்து பேகம் ரொக்கேயா. ஆங்கிலத்தில் எழுதினார். வெளிவந்தது எங்கே தெரியுமா? நம் சென்னையில், 1905இல், ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்ற இதழில். பெண்கள் ஆளும் ஒரு நாடு. ஆண்கள் வீட்டுக்குள் இருப்பார்கள். அங்கே பெண்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய பலூனை மேகத்துக்கு மேலே கட்டி நிறுத்தி, குழாய் வைத்து வேண்டிய தண்ணீரை இறக்கிக்கொள்வார்கள். சமையல் முழுக்க வெயில் சூட்டில். 1905இல் ஒரு பெண் உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறார். ஒவ்வொரு கோடையிலும் எனக்கு அந்தப் பலூன் ஞாபகம் வரும்.

பெரியப்பா: மேகத்திலேயே குழாயா! அந்த அம்மாவுக்கு விவசாயி கஷ்டம் தெரிந்திருக்கிறது.

நான்: அத்தை, நல்லா இருக்கு. எத்தனை பக்கம்?

அத்தை: சிறுகதை அளவுதான். ஒரே மூச்சில் முடியும்.

நான்: நாவல்தான் வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்கள். இதை எனக்காகப் படிக்கிறேன். குறிப்புக்கு வேறு சொல்லுங்கள்.

பெரியப்பா: கடலும் தண்ணீர்தானே சாமி. ஜூல்ஸ் வெர்ன் எழுதிய ‘மர்மத் தீவு’ இருக்கிறது. சின்ன வயதில் தமிழில் சுருக்கமாகப் படித்தேன், அப்புறம் முழுசாகவும் படித்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1865இல், சிக்கிக்கொண்ட ஐந்து பேர் பலூனில் தப்பித்து ஆளில்லாத தீவில் விழுகிறார்கள். கையில் ஒன்றும் கிடையாது. செங்கல் சுடுவதில் தொடங்கி இரும்பு உருக்குவதுவரை எல்லாம் தாங்களே செய்துகொள்வார்கள். எனக்குப் பிடித்த இடம் கோதுமை. ஒரு பையனின் சட்டைத் துணிக்குள் ஒரே ஒரு கோதுமை மணி அகப்படுகிறது. கூட இருக்கும் இன்ஜினியர் உடனே கணக்குப் போடுவார்: ஒரு மணியில் 10 கதிர், கதிருக்கு 80 மணி, ஆக 800. அதை விதைத்தால் அடுத்த அறுவடை 6,40,000. அதற்கடுத்தது 51 கோடியைத் தாண்டும். அந்த ஒரு மணியை எலி, பறவை தொடாமல் காப்பார்கள் பார், அதைப் படித்தபோது நான் நம் விதை நெல் குதிருக்குப் போய்த் தொட்டுப் பார்த்தேன்.

அண்ணன்: அப்பா, கேப்டன் நீமோ வருவாரே, அந்தக் கதைதானே?

பெரியப்பா: அதேதான். வெர்னின் முந்தைய நாவல் ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’கில் வந்த நீர்மூழ்கிக் கப்பல்காரர் நீமோ யார் என்று இதில்தான் தெரியும். அவர் இந்தியர். பந்தேல்கண்ட் இளவரசர் தக்கார். திப்பு சுல்தானுக்குச் சொந்தக்காரர். 1857 போரில் வெள்ளைக்காரனை எதிர்த்து நின்று, குடும்பத்தையே இழந்தவர்.

அத்தை: அண்ணா!! அதைச் சொல்லிட்டீங்களே. நாவலின் கடைசியில்தானே அது வருகிறது!

பெரியப்பா: 1875இல் எழுதி முடித்த கதை அம்மிணி. ஊருக்கே தெரியும்.

அத்தை: ஊருக்குத் தெரியும், பாப்பாவுக்குத் தெரியாது. அவள் இன்று திறந்தால் அது இன்றைய புத்தகம். தீவில் யாரோ கண்ணுக்குத் தெரியாமல் உதவுகிறார்கள், யார், யார் என்றே பாதி நாவல் ஓடுகிறது. அந்தத் தவிப்பு அவளுக்குக் கிடைக்க வேண்டாமா? புத்தகத்தைப் பற்றிச் சொல்லும்போது வாசலைக் காட்டலாம், கடைசி அறையைத் திறந்து காட்டக் கூடாது.

பெரியப்பா: சரிம்மா. தப்புதான். ஆசையில் சொல்லிவிட்டேன்.

நான்: பெரியப்பா, வருத்தப்படாதீங்க. தீவு, கப்பல் என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன். திப்பு என்றதும்தான் படிக்கணும்போல் இருக்கு. பாலக்காட்டுக் கோட்டை அவங்க அப்பா ஹைதர் அலி 1766இல் கட்டியதுதானே? போன மாதம்தான் போனோம்.

அத்தை: ம். அதையும் ஒத்துக்கொள்கிறேன். சில பேருக்கு அந்த ஒரு கயிறு வேண்டியிருக்கிறது. ஆனால் உன் குறிப்பில் அதை உடைக்காதே, உன் வகுப்பில் மற்றவர்களும் படிப்பார்கள்.

அண்ணன்: அத்தை, நீமோவை முதலில் இந்தியராக யோசிக்கவே இல்லை என்று படித்தேன். உண்மையா?

அத்தை: உண்மை. முதலில் வெர்ன் அவரை ரஷ்யாவை எதிர்க்கும் போலந்துக்காரராகத்தான் வைத்திருந்தார். பதிப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் முதல் நாவலில் நாட்டைச் சொல்லாமலே விட்டார், பிறகு இதில் இந்தியராக்கினார். இரண்டு நாவலின் ஆண்டுக் கணக்கும் ஒன்றோடொன்று ஒட்டாது. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. வேறு இரண்டு குறை உண்டு. தீவில் ஒரு பெண்கூட இல்லை. அப்புறம் நெப் என்று ஒரு கறுப்பினத்தவர், அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானவர். விடுதலையான பிறகும் ‘எஜமான்’ என்றுதான் கூப்பிடுகிறார், சமையலும் அவர் தலையில். எல்லாரும் சமம் என்று தீவைக் கட்டுகிறார்கள், அடுப்படியில் மட்டும் பழைய ஏற்பாடு. பாப்பா, இதை எழுது. பிடித்த புத்தகத்திலும் முள் குத்திய இடத்தைச் சொல்லணும்.

அம்மா: அடுப்படியைப் பற்றி எழுதினால் நானும் படிக்கிறேன்.

நான்: கட்டாயம் எழுதுகிறேன். பெரியப்பா, ஒரு சந்தேகம். திப்புவுக்குச் சொந்தம் என்றீங்களே, எந்த வழியில்?

பெரியப்பா: ஆங்கிலத்தில் ‘நெஃப்யூ’ என்று போட்டிருக்கும்.

நான்: அப்படியென்றால் அண்ணன் தம்பி மகனா, அக்கா தங்கச்சி மகனா? திப்புவை அவர் பெரியப்பா என்பாரா, மாமா என்பாரா?

அத்தை: புத்தகத்தில் அது இல்லை. பிரெஞ்சிலும் ஒரே சொல்தான்.

அண்ணன்: திப்பு இறந்தது 1799இல். தக்கார் பிறப்பது அதற்கு இருபது வருடம் கழித்து. நேரில் கூப்பிட்டிருக்கவே முடியாது.

நான்: பார்க்காவிட்டாலும் வீட்டில் ஒரு முறை சொல்லிக் கொடுத்திருப்பார்கள் இல்லையா? தாத்தா போட்டோவைக் காட்டி நமக்குச் சொல்கிற மாதிரி.

அத்தை: பாப்பா, உன் குறிப்பை இந்தக் கேள்வியில் தொடங்கு. நீமோ பெயரையும் திப்பு பெயரையும் எழுதாதே. ‘இந்த நாவலில் ஒருவர் இருக்கிறார், அவருடைய உறவு முறையைத் தமிழில் சொல்ல முடியவில்லை’ என்று மட்டும் எழுது.

பெரியப்பா: புத்தகம் என்னிடம்தான் இருக்கு. காலையில் பால் வண்டியில் கொடுத்துவிடுகிறேன். கோதுமைப் பக்கத்தில் மஞ்சள் கறை இருக்கும், அது நான் பண்ணியது.