கத்தரிக்காய் தின்றதால் வந்ததா இந்தக் கரப்பான்?

மதுரையிலிருந்து ஒரு அம்மா

மகனுக்கு மூன்றாவது மாதம் இரண்டு கன்னமும் சிவந்து, செதில் செதிலாக உரிய ஆரம்பித்தது. கரப்பான்தான், டாக்டர்கள் எக்ஸிமா என்பார்கள். தூக்கினால் என் தோளிலேயே முகத்தைத் தேய்ப்பான், சேலையில் நீர்க்கசிவு ஒட்டும். பார்க்க வந்த பெரியம்மா முதல் வார்த்தையே, "மாசமா இருக்கையில கத்தரிக்காயும் கருவாடும் வேணாம்னு சொன்னேன், கேட்டியா?" என்றார். அப்புறம் வந்தவர்கள் எல்லோருக்கும் இதே பாட்டுதான்.

தோல் மருத்துவர் நான் சாப்பிட்டது எதையும் கேட்கவில்லை. "ரெண்டு பேர் வீட்டுலயும் யாருக்காவது இழுப்பு, அடுக்குத் தும்மல், தோல் அரிப்பு உண்டா?" என்றார். சின்ன வயதிலிருந்து இன்ஹேலர் வைத்திருக்கும் என் கணவர் மெதுவாகக் கையைத் தூக்கினார். அந்தக் கையை அப்படியே வாங்கித் திருப்பிப் பார்த்தார் டாக்டர். உள்ளங்கை முழுக்க நெருக்கமாக, ஆழமாக ரேகைகள். ஃபிலாக்ரின் என்ற புரதம் குறைவாக உள்ள சிலருக்கு இப்படி இருக்குமாம். தோலின் மேலடுக்கை இறுக்கிப் பிடித்து ஈரத்தைக் காப்பது அந்தப் புரதம். அதன் மரபணுக் குறைக்கும் எக்ஸிமாவுக்கும் உள்ள தொடர்பு 2006இல்தான் தெரியவந்தது. பெற்றோருக்கு ஒவ்வாமை இருப்பதுதான் பெரிய காரணம், கர்ப்பத்தில் பத்தியம் இருந்தால் பிள்ளைக்குக் கரப்பான் வராது என்பதற்கு ஆதாரம் இல்லை, வயிற்றுப்பிள்ளைக்காரியின் எடைதான் சரியாக ஏறாமல் போகலாம் என்றார்.

கோவையிலிருந்து

எங்களுக்கு மூத்தவளுக்கு இருந்தது. அதனால் இரண்டாவது பிறந்ததுமே தினம் க்ரீம் தடவினோம். அவனுக்கு வரவில்லை, ஆனாலும் க்ரீமுக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க மாட்டேன். பிரிட்டனில் ஒவ்வாமைக் குடும்பங்களில் பிறந்த 1394 குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள், 2020இல் முடிவு வந்தது. ஒரு வருடம் தினமும் க்ரீம் தடவியவர்களில் 23 சதவீதம் பேருக்கும், தடவாதவர்களில் 25 சதவீதம் பேருக்கும் இரண்டு வயதில் எக்ஸிமா. பெரிய வித்தியாசமே இல்லை. வந்த பிறகு க்ரீம் கட்டாயம் வேண்டும், அது வேறு விஷயம்.

திருப்பூரிலிருந்து ஒரு அப்பா

எங்கள் ஏரியா போர் தண்ணீர் படு உப்பு, வாளியில் வெள்ளையாகப் படியும். இப்படி உப்புப் படியும் கடினநீர் உள்ள ஊர்களில் கைக்குழந்தைகளுக்கு எக்ஸிமா கூடுதல் என்று பிரிட்டனில் கண்டிருக்கிறார்கள். சரி, மென்னீராக்கும் கருவி வாங்கலாம் என்று விலை விசாரித்தேன். டாக்டர் தடுத்துவிட்டார். ஏற்கெனவே எக்ஸிமா உள்ள பிள்ளைகளின் வீட்டில் அதை மாட்டிப் பார்த்தும் பலன் இல்லையாம். பயத்தமாவு போட்டுத் தேய்ப்பதை நிறுத்துங்கள், குளித்து ஈரம் காய்வதற்குள் க்ரீம் தடவுங்கள் என்றார். அதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது.

மதுரை அம்மா மறுபடியும்

எங்கள் வீட்டிலும் மாவை நிறுத்தியாயிற்று. இன்னொன்று: கொழுந்தனாருக்கும் சின்ன வயதில் முழங்கை மடிப்பில் இதே கரப்பான் இருந்ததாம். மாமியார் இப்போதுதான் வாயைத் திறக்கிறார்!