ஐசி நம்பர் ஃபீல்டை மாற்ற ஆப்பை நிறுத்தலாமா?

செந்தூல்வாசி:
கிளினிக் சிஸ்டத்தில் ஐசி நம்பரை (மலேசிய அடையாள அட்டை எண்) பிக்இன்ட்டாக, அதாவது முழு எண்ணாக, வைத்திருக்கிறார்கள். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்கும், அது விழுந்துவிடுகிறது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், 80 லட்சம் வரிசைகள். விடியற்காலை 3 மணிக்கு ஆப்பை நிறுத்தி, ஒரே ஆல்டர் டேபிள் கட்டளையில் டெக்ஸ்ட்டாக்கி, எல்பேட் (இடப்பக்கம் பூஜ்யம் சேர்க்கும் ஃபங்க்ஷன்) கொண்டு 12 இலக்கத்துக்கு நிரப்பினால் வேலை முடிந்தது. தவறினால் ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திரும்பலாம். கட்டம் கட்டமாக மைக்ரேஷன் எதற்கு?

பாயான்லெப்பாஸ்:
அண்ணே, கமிட் ஆகும்வரைதான், அதாவது மாற்றம் உறுதியாகும்வரைதான், ரோல்பேக். காலை 9 மணிக்குப் பழைய கோடு உடைந்தால் எதை வைத்துத் திரும்புவீர்கள்? டைப் மாற்றம் டேபிள் முழுவதையும் திரும்ப எழுதும், இண்டெக்ஸ்களையும் மறுபடி கட்டும். முடியும்வரை டேபிள் பூட்டியிருக்கும், செலக்ட்கூட (படிக்கும் குவெரிகூட) நுழையாது. டிஸ்க்கில் இரண்டு நகலுக்கும் இடம் வேண்டும்.

காலியாக (நல்) இருக்கலாம் என்ற அனுமதியோடு புது டெக்ஸ்ட் ஃபீல்டைச் சேருங்கள். நொடியில் முடியும், ஆனால் லாக் டைம்அவுட்டை (டேபிள் பூட்டுக்காகக் காத்திருக்கும் உச்ச நேரத்தை) 3 நொடியாக வைக்காமல் ஓட்டாதீர்கள். நீண்ட ரிப்போர்ட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் ஆல்டர் அதற்காகக் காத்திருக்கும். பின்னால் வரும் குவெரிகள் எல்லாம் ஆல்டருக்காகக் காத்திருக்கும். ஆப் செத்ததுபோல் தெரிவது இதனால்தான். அடுத்து ட்ரிகர் (பழைய ஃபீல்டில் எழுதியதும் புதியதையும் டேட்டாபேஸே தானாக நிரப்பும் விதி), அதன் பிறகே பழைய தரவை நிரப்புவது. வரிசை மாறினால் இடையில் திருத்தப்பட்டவை விடுபடும். பிரைமரி கீ வாரியாக 5,000 வரிசைக்கு ஒரு கமிட் போதும்.

செந்தூல்வாசி:
ட்ரிகர் வேண்டாம். ஒளிந்திருக்கும் லாஜிக்கைப் பிறகு யார் தேடுவது? ஆப்பே இரண்டு ஃபீல்டிலும் எழுதட்டும்.

பாயான்லெப்பாஸ்:
சர்வர்களை ஒவ்வொன்றாக மாற்றும்போது பழைய கோடும் எழுதிக்கொண்டுதான் இருக்கும். எக்செல் இம்போர்ட் ஆப் வழியே வராது. ட்ரிகர் இரண்டையும் பிடிக்கும். அதை நீக்கும் மைக்ரேஷனையும் இப்போதே எழுதி வையுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்:
இருவருமே எல்பேட்டைக் கண்ணை மூடி நம்புகிறீர்கள். 12 இலக்கத்துக்கு மேல் இருந்தால் அது வலப்பக்கத்தை வெட்டிவிடும், பிழை காட்டாது. அப்படிப்பட்ட வரிசைகளை முதலில் எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டு நோயாளியின் பாஸ்போர்ட் எண்ணில் எழுத்தும் வரும். அது பழைய ஃபீல்டில் நுழையாது. பழையதைப் படிக்கும் கோடு போகும்வரை புது ஃபீல்டில் பாஸ்போர்ட் எண்ணை அனுமதிக்காதீர்கள்.

நாட் நல் (ஃபீல்டு காலியாக இருக்கக்கூடாது) என்று வைக்க, முதலில் செக் கன்ஸ்ட்ரெய்ன்ட்டை (மதிப்பைச் சரிபார்க்கும் விதியை) நாட் வேலிட் என்று, அதாவது பழைய வரிசைகளைச் சோதிக்காமல், சேர்த்து, பிறகு வேலிடேட் செய்யுங்கள். வேலிடேட் நடக்கும்போது படிப்பதும் எழுதுவதும் தொடரும். போஸ்ட்கிரெஸ் 12 முதல், அந்தக் கன்ஸ்ட்ரெய்ன்ட் இருந்தால் செட் நாட் நல் டேபிளை மறுபடி ஸ்கேன் செய்யாது.

செந்தூல்வாசி:
ஒப்புக்கொள்கிறேன், எல்பேட் விஷயத்தில் மட்டும். இதே அளவு நகலில் ஆல்டரை ஓட்டி நேரம் பார்ப்பேன். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தால், இரவில் மூடும் கிளினிக்குக்கு இத்தனை கட்டம் தேவையில்லை.

பாயான்லெப்பாஸ்:
நகலில் வேறு குவெரிகளின் போட்டி லாக் இருக்காது அண்ணே. நள்ளிரவு பிஜி டம்ப் பேக்கப் ஓடும்போது ஒருமுறை முயன்று பாருங்கள், டேபிள் லாக்கே கிடைக்காது.