கோத்தகிரி பக்கம் புது வீடு: குளிருக்கு எந்த ஏற்பாடு நல்லது?

தேயிலைமேடு
வணக்கம். கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு கிராமத்தில் 1,100 சதுர அடியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். லிண்டல் முடிந்துவிட்டது, அடுத்து மேல்தளக் கான்கிரீட். அப்பாவும் அம்மாவும் வருடம் முழுக்க அங்கேதான் இருக்கப்போகிறார்கள். இத்தனை நாள் கோயம்புத்தூர் வெயிலிலேயே இருந்தவர்கள். அம்மாவுக்கு வீசிங் வேறு உண்டு.

மேஸ்திரி ஹாலில் ஃபயர்பிளேஸ் வைக்கச் சொல்கிறார். மச்சான் தரைக்கு அடியில் சுடுநீர்க் குழாய் பதிக்கச் சொல்கிறார். கடைக்காரர் ரூமுக்கு ஒரு ஆயில் ஹீட்டர் (கரண்டில் ஓடுவது) போதும் என்கிறார். இப்போது இருப்பது சிங்கிள் ஃபேஸ் லைன். காற்றுக் காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம். எதில் பணத்தைப் போடலாம்?

குன்னூர் டைகர்ஹில்
ஃபயர்பிளேஸ் பார்க்க அழகு, விருந்தாளி வந்தால் போட்டோ எடுக்கலாம். சூட்டில் பெரும்பகுதி புகைக்கூண்டு வழியாக வானத்துக்குப் போய்விடும். போதாததற்கு அறைக்குள் இருக்கிற சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். முன்னால் உட்கார்ந்தால் முழங்கால் வேகும், முதுகு குளிரும். விறகுதான் வேண்டும் என்றால் கதவு வைத்த இரும்பு அடுப்பு வையுங்கள். இமாச்சல், காஷ்மீர் பக்கம் புகாரி என்பார்களே, அந்த வகை. பாதி விறகுகூட ஆகாது.

வெப்பக்கணக்கு
ஹீட்டரை அப்புறம் பார்க்கலாம். உங்களுக்கு இப்போது முக்கியம் கான்கிரீட்.

12க்கு 14 அடி படுக்கையறை, இரண்டு பக்கம் வெளிச்சுவர், 9 அங்குலச் செங்கல் என்று வைத்துக்கொள்வோம். வெளியே 8 டிகிரி, உள்ளே 18 வேண்டும். வெறும் கான்கிரீட் தளம் வழியாக மட்டும் 450 வாட்டுக்கு மேல் வெளியேறும். சுவர் வழியாகவும் கிட்டத்தட்ட அதே அளவு. ஜன்னல், கதவு இடுக்கு எல்லாம் சேர்த்தால் மொத்தம் 1,200 வாட் பக்கம் வரும். தளத்துக்கு மேலே 50 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் ஷீட் (சூடு கடக்காமல் தடுக்கும் கெட்டியான நுரைப் பலகை) போட்டால் அந்த 450 வாட் 80க்கு இறங்கிவிடும். ஒரு தடவைச் செலவு, ஆயுசுக்கும் பலன். மலைப்பக்கம் பலரும் செய்வதுபோல் தளத்துக்கு மேலே சரிவாகத் தகரக்கூரை போடுகிறீர்கள் என்றால் இன்னும் சுலபம், ஷீட்டைத் தளத்தின் மேல் பரப்பிவிட்டாலே போதும். கூரையில்லாத மொட்டைத் தளம் என்றால் முதலில் வாட்டர்ப்ரூஃபிங், அதன் மேல் ஷீட், அதன் மேல் சரிவு கொடுத்த காரை.

தளத்துக்கு அடியில் தெர்மாகோல் ஒட்டி ஃபால்ஸ் சீலிங் அடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். தளம் குளிர்ந்தே கிடக்கும், ஈரம் அதன் அடியில் பூத்து சீலிங்குக்குள் பூஞ்சை பிடிக்கும். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழையும் நன்றாக உண்டு. அக்டோபரில் ஆரம்பிக்கிற ஈரம் குளிர்காலம் வரை ஒட்டிக்கொண்டே வரும். வீசிங் இருப்பவர்களுக்கு உறைபனியைவிட அந்தச் சுவர்ப் பூஞ்சைதான் பெரிய எதிரி.

இனி ஹீட்டர். ஆயில் ஹீட்டர் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் கொடுக்கும், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி. ஹாட் அண்ட் கோல்டு இன்வெர்ட்டர் ஏசி வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை உள்ளே தள்ளுகிறது. அதனால் கோத்தகிரிக் குளிரில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் மூன்று யூனிட் சூடு கிடைக்கும். மேலே சொன்ன அறைக்கு, தளத்தை மூடியபின், ராத்திரி பத்து மணி நேரத்துக்கு ஆயில் ஹீட்டர் 8 யூனிட் எடுக்கும், ஏசி 3 யூனிட்டுக்குள் முடித்துவிடும். ஆயில் ஹீட்டர் ஒன்றே இரண்டு மாதத்தில் 480 யூனிட்! மொத்தம் 500ஐத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் ரேட் மாறிவிடும், தெரியும்தானே. ஒரு டன் போதும். மழைக்காலத்தில் அதையே டிரை மோடில் போட்டு ஈரத்தையும் எடுக்கலாம். வாங்கும்போது ஹீட்டிங் உண்டா என்று கேட்டு வாங்குங்கள், கடையில் இருப்பதில் பெரும்பாலானவை குளிர்ச்சி மட்டும் கொடுப்பவை.

தேயிலைமேடு
ரொம்ப நன்றி சார், தளத்தைப் பற்றி யாருமே சொல்லவில்லை. தரைக் குழாய் பற்றி? மச்சான் விடமாட்டேன் என்கிறார்.

வெப்பக்கணக்கு
சுகமான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் குழாய்க்கு அடியிலும் இன்சுலேஷன், பம்ப், தண்ணீரைச் சூடாக்க ஒரு ஹீட் பம்ப் (அந்த ஏசி மாதிரியே வெளிக்காற்றுச் சூட்டை எடுப்பது) என்று செலவு எங்கேயோ போகும். சோலார் சுடுநீரை இதற்கு நம்ப முடியாது, சூடு தேவைப்படும் மேகமூட்டமான நாளில்தான் அது கைவிடும். ஏதாவது கோளாறு வந்தால் மலைக்கு யார் வந்து பார்ப்பது? ஐரோப்பாபோல ஐந்தாறு மாதக் குளிர் என்றால் மச்சான் சொல்வது சரி.

நர்ஸ் அக்கா
வீசிங் என்றதால் சொல்கிறேன் தம்பி. அம்மா தூங்கும் அறையில் விறகு, கேஸ் எதுவும் வேண்டாம். புகைக்குழாய் வைக்காத கேஸ் ஹீட்டர், எரிகிற வாயுவின் எடையைவிட அதிகமாக நீராவியை அறைக்குள் விடும். சுவரெல்லாம் வியர்க்கும். கரி அடுப்பைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வைப்பதை நினைத்தே பார்க்காதீர்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் சுற்றுலா வந்தவர்கள் இப்படித் தூக்கத்திலேயே போன செய்தி அவ்வப்போது வருகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஹாலில் விறகடுப்பு வைத்தால் அந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

குன்னூர் டைகர்ஹில்
விறகு பற்றி: டிப்போவில் சீகை, கற்பூர மரம் இரண்டும் கிடைக்கும். பிளந்து, மழை படாத இடத்தில் அடுக்கி, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு எரியுங்கள். பச்சை விறகு புகைக்குழாயில் தார் மாதிரி படியும், ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். உங்கள் தோட்டத்து மரம்தானே என்று வெட்டிவிடாதீர்கள், மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955லிருந்தே இருக்கிறது, பட்டா நிலத்துக்கும் அனுமதி வேண்டும்.

தேயிலைமேடு
அப்படியென்றால் தளத்துக்கு இன்சுலேஷன், இரண்டு படுக்கையறைக்கும் ஏசி, கரண்ட் இல்லாத நாளுக்கு ஹாலில் இரும்பு அடுப்பு. சிங்கிள் ஃபேஸ் தாங்குமா? அடுப்புக் குழாய்க்குத் தளத்தில் இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா?

வெப்பக்கணக்கு
ஒரு டன் இன்வெர்ட்டர் இரண்டு தாங்கும், ஆனால் கெய்சரையும் கணக்கில் சேர்த்து ஈபியில் லோடு கூட்டி எழுதிக்கொடுங்கள். எர்த்திங் சரியாகப் போடுங்கள், வோல்டேஜ் இறங்கும் ஊர் என்றால் ஸ்டெபிலைசரும் வேண்டும். ஈரமும் குளிரும் சேர்ந்த ராத்திரியில் வெளி யூனிட்டில் பனி பிடிக்கும், அதை உருக்க ஏசி சில நிமிஷம் நின்று ஓடும். ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம்.

குழாய்க்குக் கட்டாயம் இப்போதே இடம் விடுங்கள். 6 அங்குலக் குழாய் என்றால் 10 அங்குல ஸ்லீவ் (தளத்தில் பதிக்கும் வெளிக்குழாய்), பீமில் படாத இடமாக. கம்பி கட்டும்போதே மேஸ்திரியிடம் காட்டிவிடுங்கள், பிறகு துளை போட்டால் கம்பியை அறுக்க வேண்டிவரும். இடைவெளியில் ராக்வூல் (தீப்பிடிக்காத கல்பஞ்சு) அடையுங்கள். குழாயைச் சுற்றி ஒரு அடிக்கு எக்ஸ்பிஎஸ் வரவே கூடாது, அது பிளாஸ்டிக், உருகிவிடும்.