புதுப்பிப்பு: தனிச்சந்திப்பு பணிநிலை அறிக்கையாகவே முடிந்துவிடுவது – தீர்வு கிடைத்தது

குழுவினர் ஒவ்வொருவருடனும் வாரந்தோறும் நடத்தும் தனிச்சந்திப்பு வெறும் பணிநிலை அறிக்கையாகவே முடிந்துவிடுகிறதே என்று, பொறியியல் மேலாளராகப் பொறுப்பேற்ற புதிதில் இங்கே கேட்டிருந்தேன்; பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

அச்சந்திப்பு மேலாளருடையதன்று, பணியாளருடையது, பேசுபொருளை அவரே வகுக்க வேண்டும் என்று இன்டெல் கணினிச் சில்லு நிறுவனத்தின் அன்றைய தலைவர் ஆண்ட்ரூ குரோவ் 1983-இல் எழுதியதைச் சுட்டிக்காட்டிய யோசனையே பலன் தந்தது. பணிநிலையை வெள்ளிக்கிழமை மின்னஞ்சலுக்கு மாற்றிவிட்டு, பேச வேண்டியதை முந்தைய நாளே பொதுக் கோப்பில் எழுதிவைக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டேன். முதல் இரண்டு வாரமும் கோப்பு காலியாகவே இருந்தது. அவசரப்பட்டு நானே நிரப்பாமல் காத்திருந்தது நல்லதாயிற்று. மூன்றாம் வாரம், குழுவில் மிகக் குறைவாகப் பேசுபவர், இரவுநேர அவசர அழைப்புப் பணி தொடர்ந்து தம்மீதே விழுவதை எழுதியிருந்தார்; சுழற்சி முறையை உடனே திருத்தினோம்.

எதிர்பாராத ஒன்று: அரை மணி நேரம் போதவில்லை, இப்போது ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன்.